ஏபல் கிரிஸ்கம் வீட்டுப் பின்கட்டு

உயிரோடு இருந்த காலத்தில் வெளியே பிடித்துத் தள்ளிய மனிதனுக்கு, செத்து இருநூறு வருடம் கழித்து வீட்டைப் புதுப்பித்துக் கொடுப்பதில் அமெரிக்காவில் கோப்ஸ் பாலம் என்ற ஊரின் குவேக்கர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அந்த மனிதர் பெயர் ஏபல் கிரிஸ்கம். பென்சில்வேனியா மாநிலத்தில் குவேக்கர் என்ற இந்தக் கிறிஸ்தவப் பிரிவினரே அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்திய காலம் அது. 1763-ஆம் வருடம் மாதாந்திரக் காரியக் கூட்டத்தில் ஏபல் எழுந்து நின்று, நம் வீடுகளில் இருக்கும் அடிமைகளை விடுவிக்கும்வரை இந்தச் சபையின் எந்தத் தீர்மானத்துக்கும் நான் ஒப்பமாட்டேன் என்றார். குவேக்கர்களுக்குப் பாதிரியார் கிடையாது, ஓட்டெடுப்பும் கிடையாது. ஒருவரையொருவர் நண்பர் என்றுதான் அழைப்பார்கள். மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள். யாருக்கு உள்ளேயிருந்து ஏவுதல் வருகிறதோ அவர் எழுந்து பேசுவார். எல்லோரும் ஒருமனப்பட்டால்தான் தீர்மானம். ஒருவர் எழுந்து முடியாது என்றால் காரியம் அங்கேயே நிற்கும். ஏபல் பதினோரு வருடம் முடியாது என்றார். கூட்ட மண்டபத்துக் கூரை ஒழுகியது. அதைச் சரிசெய்யும் தீர்மானத்துக்கும் முடியாது என்றார். பதினோராம் வருடம், நனைந்து சலித்துப்போய், அவரைச் சபையை விட்டே நீக்கிவிட்டுக் கூரையைச் சரிசெய்துகொண்டார்கள்.

பிறகு ஊர் உலகமெல்லாம் மாறியபோது இவர்களும் அடிமைகளை விடுவித்தார்கள். ஏபலிடம் போய் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் செத்ததும் வீடு மட்டும் சபையின் கைக்கு வந்தது. இப்போது அந்தக் கல்வீட்டின் வாசலில் பச்சைப் பலகை ஒன்று நிற்கிறது. எல்லோரும் வாய்மூடி இருந்தபோது ஒருவர் மட்டும் எழுந்து நின்றார் என்று அதில் எழுதியிருக்கிறது. எல்லோரும் என்பது யார் என்று எழுதவில்லை.

வெர்னெட்டா பர்னெலுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள். எண்பது பேர் இருக்கும் அந்தச் சபையில் கறுப்பினத்தவர் இரண்டே பேர். அவளும், நடக்கமுடியாமல் வருடத்துக்கு ஒருமுறை வரும் ஒரு கிழவரும். அவள் சேர்ந்ததே நாற்பது வயதில்தான். நாளெல்லாம் ஐம்பது பிள்ளைகளின் கூச்சலைக் கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் யாரும் பேசாத இடத்தில் உட்காருவது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் தம்பி லெம்யூலுக்கு அது பிடிக்கவில்லை. அவன் போகும் சபையில் பாட்டும் கைதட்டலும் மண்டபத்தைத் தூக்கும். உங்க ஆளுங்க சாமி கும்பிடறாங்களா, டாக்டர் வீட்டுல காத்திருக்காங்களா என்று கேட்பான்.

ஆனால் அவள் அந்தச் சபையில் சேர்ந்ததற்கு மௌனம் மட்டும் காரணம் இல்லை. ஏபல் கிரிஸ்கம் வீடும் ஒரு காரணம். அவள் பிறந்தது அந்த வீட்டில்தான்.

1891-இல் அந்த வீட்டின் கூரை பாதி விழுந்து, வெள்ளைக்காரர் யாரும் வாடகைக்கு எடுக்காமல் கிடந்தது. அப்போது மேரிலாந்திலிருந்து வந்த கொத்தனார் எஸ்ரா பர்னெலிடம், வீட்டைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் குடியிருந்துகொள் என்று சபை சொன்னது. எஸ்ரா வெர்னெட்டாவின் கொள்ளுத்தாத்தா. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்தால் மாடிப்படிக்குக் கீழே இருந்த கடைசி பெஞ்சில்தான் அவருக்கு இடம். அவர் கூரை போட்டார், சுவரைப் பூசினார், ஓடையிலிருந்து ஒற்றைச் சக்கர வண்டியில் கல் சுமந்து, இரண்டு குளிர்காலம் பாடுபட்டு, வீட்டின் பின்னால் ஒரு சமையலறை கட்டினார். அந்தப் பின்கட்டில்தான் பர்னெல் குடும்பம் எழுபத்தேழு வருடம் வாழ்ந்தது. முன்னறைகளைக் குளிரில் சூடாக்கி மாளாது. சமைத்தது, சாப்பிட்டது, பிள்ளை பெற்றது, பிணத்தைக் குளிப்பாட்டியது எல்லாம் அங்கேதான். இளம்பிள்ளைவாதம் வந்து நடக்கமுடியாமல் போன ஒடெல்லா அத்தை உட்கார்ந்தபடியே சாலையைப் பார்க்க வசதியாக ஒரு ஜன்னலைத் தாழ்வாக இறக்கி வைத்திருந்தார்கள். கிழக்குக் காற்று அடித்தால் புகைபோக்கி புகையை வீட்டுக்குள்ளேயே கக்கும். எல்லோரும் இருமிக்கொண்டே முற்றத்துக்கு ஓடுவார்கள். 1968-இல் வீடு வரலாற்றுச் சின்னம் என்று சபைக்குத் திடீரென ஞானம் வந்தது. மூன்று மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். கடுமையாகச் சொல்லவில்லை, ஒரு கூடை ஆப்பிள் பழத்தோடு வந்து சொன்னார்கள். அப்போது வெர்னெட்டாவுக்குப் பத்து வயது. அதன்பிறகு வீடு நாற்பது வருடம் பூட்டியே கிடந்தது.

புதுப்பிக்கும் குழு அமைந்தபோது முதலில் பெயர் கொடுத்தவள் அவள். குழுவில் அவளுக்குக் கிடைத்த துணை பிரிசில்லா யார்னல். ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை, அறுபத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, அழகான கையெழுத்து; சபையில் ஏழு தலைமுறையாக இருக்கும் குடும்பம். இரண்டு பேரும் எட்டு வருடம் முகமூடி போட்டுக்கொண்டு, டாக்டர்கள் வைத்திருக்கும் சின்னக் கத்தியால் சுவரில் பூச்சு பூச்சாகச் சுரண்டினார்கள். ஒவ்வொரு பூச்சுக்கும் ஓர் எண். மேலே இருந்த பச்சை வெர்னெட்டாவின் அப்பா அடித்தது. அதற்குக் கீழே இருந்த மஞ்சள் தாத்தா அடித்தது. அதற்கும் கீழே எஸ்ராவின் வெள்ளைச் சுண்ணாம்பு. அதையும் சுரண்டினால்தான் ஏபலின் சாம்பல் நிறம் வரும். தன் குடும்பத்தைத் தன் கையாலேயே சுரண்டிக் கீழே கொட்டுகிறோமே என்று முதல் வருடம் ஒருநாள் அவள் அழுதுவிட்டாள். பிரிசில்லா அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவளோடு சேர்ந்து அழுதாள். அதுமுதல் எதுவானாலும் வெர்னெட்டா பிரிசில்லாவிடம்தான் சொல்லுவாள். புருஷன் செத்தபோதும் அவளிடம்தான் போனாள்.

அவள் சுரண்டச் சம்மதித்ததற்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. முன்கட்டு ஏபலுக்கு, பின்கட்டு பர்னெல் குடும்பத்துக்கு. சபையின் எழுத்தர் எல்வுட் பாசெட் அவள் வீட்டு மேசை முன்னால் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே சொன்ன வார்த்தை அது. கூட்டத்தை நடத்துவதும் தீர்மானத்தை எழுதுவதும் அந்த எழுத்தர்தான். கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டுவதைக்கூட மூன்று பத்தி எழுதிவைக்கும் மனிதர், இதை மட்டும் எழுதவில்லை. அவளும் எழுதச் சொல்லவில்லை. நல்ல மனுஷர் சொன்ன சொல், அதைப் போய் எழுதிக்கொடு என்று கேட்பதா என்று விட்டுவிட்டாள். அவள் செய்த முதல் தப்பு அது.

எட்டாம் வருடம் மார்ச் மாதம் பிலடெல்பியாவிலிருந்து பழங்கட்டட நிபுணரின் அறிக்கை வந்தது. நூற்றுப்பத்து பக்கம். ஒரு வீட்டுக்கு ஒரு காலத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். அந்தக் காலத்துக்குப் பிறகு வந்ததெல்லாம் போய்விட வேண்டுமாம். இந்த வீட்டுக்கு அவர் தேர்ந்தெடுத்தது 1774, ஏபலை நீக்கிய வருடம். மாநில அரசின் நிதியும் அந்த வருடத்தை ஒட்டித்தான் கிடைக்கும். பின்கட்டைப் பற்றி எழுபத்திரண்டாம் பக்கத்தில் ஒரே வரி இருந்தது: "பின்னாளைய சேர்க்கை, முக்கியத்துவம் இல்லை, அகற்றலாம்." அகற்றினால் ஏபல் பார்த்த பின்சுவர் வெளியே தெரியும் என்று அடுத்த வரி சொன்னது. வெர்னெட்டா அந்த முதல் வரியை நாலைந்து தடவை படித்தாள். எழுபத்தேழு வருடத்துக்கு ஒரு வரி, அதிலும் முக்கியத்துவம் இல்லை.

ஏப்ரல் காரியக் கூட்டத்தில் எல்வுட் அறிக்கையைத் தன் மெத்தென்ற குரலில் வாசித்து முடித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டார். வெர்னெட்டா எழுந்து நின்றாள். பேருந்தில் பின்சீட்டுப் பிள்ளைகளை அடக்கிய குரல் அவளுடையது. அதைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"இதுக்கு நான் ஒப்பல. அந்த வீட்டை நிக்க வச்சது எங்க ஆளுங்க. நாங்க இல்லன்னா புதுப்பிக்க உங்களுக்கு வீடே இருந்திருக்காது. பின்கட்டை இடிக்கக்கூடாது."

யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுத்துப் பேசுவது அங்கே பழக்கம் இல்லை. எல்வுட் தலையை அசைத்து, சபை இன்னும் ஒருமனப்படவில்லை, ஜூலையில் மறுபடி எடுத்துக்கொள்வோம் என்று எழுதினார். அன்றைக்கு வெர்னெட்டா வீட்டுக்கு வந்து லெம்யூலுக்குப் போன் செய்து, ஒரே ஆள் சொன்னேன், நிறுத்திட்டாங்க, பாத்தியா எங்க சபையை என்று பெருமை பேசினாள்.

"அக்கா, நிறுத்தல, தள்ளி வச்சிருக்காங்க" என்றான் அவன். "இனிமேதான் உனக்கு இருக்கு."

அவன் சொன்னது சரியாகப் போயிற்று. மே மாதம் முதல் பண்டமும் பலகாரமுமாக அவள் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட பலகாரம் வந்தது, சோள ரொட்டி வந்தது, கையால் எழுதிய கடிதங்கள் வந்தன. உங்களை வெளிச்சத்தில் ஏந்தியிருக்கிறோம் என்று எல்லாக் கடிதமும் முடிந்தது; உங்களுக்காகப் பிரார்த்திக்கிறோம் என்பதற்கு அவர்கள் வழக்கு அது. அவளோடு சேர்ந்து சிந்திப்பதற்கென்று இரண்டு பேர் கொண்ட குழு போட்டார்கள். அவர்கள் வாரம் ஒருமுறை வந்து, அவள் சோபாவில் அரைமணி நேரம் கண்மூடி உட்கார்ந்திருந்துவிட்டு, உங்க மறுப்பு பரிசுத்த ஆவியிலிருந்து வருதா, காயத்திலிருந்து வருதா என்று கனிவாகக் கேட்டார்கள். பின்கட்டு இருந்த இடத்தில் பர்னெல் குடும்பப் பெயரில் ஒரு பெஞ்ச் போடலாம் என்றார்கள். புகைப்படம் எடுத்து ஆல்பம் செய்யலாம் என்றார்கள். பெஞ்சா, எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஏற்கெனவே ஒண்ணு குடுத்தீங்களே, படிக்குக் கீழே, என்று அவள் கேட்டபோது அவர்கள் முகம் சிவந்தது. ஆனால் அடுத்த வாரமும் வந்தார்கள்.

திட்டினால் திருப்பித் திட்டலாம். கதவைச் சாத்தினால் உதைக்கலாம். கரிசனத்தை என்ன செய்வது? தினம் ஒருவர் வந்து பரிவோடு கையைப் பிடித்துக்கொண்டால் கல்லும் கரைந்துவிடும். வெர்னெட்டாவுக்குத் தூக்கம் கெட்டது. தான்தான் பிடிவாதக்காரியோ, எண்பது பேரின் எட்டு வருட உழைப்பைத் தன் ஒருத்தியின் வீம்பு கெடுக்கிறதோ என்றுகூட நினைக்க ஆரம்பித்தாள். ஒருநாள் குழுவில் வந்த மனிதர், ஏபல் எழுந்து நின்றது ஒரு கொள்கைக்காக, நீங்க நிக்கறது ஒரு சமையலறைக்காக என்று மெதுவாகச் சொன்னார். அன்றைக்குத்தான் அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. அந்தப் பச்சைப் பலகையை முதலில் படித்துவிட்டு என் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி, அவர் கொண்டுவந்த பலகாரத்தைத் தட்டோடு அவர் கையிலேயே கொடுத்து அனுப்பினாள்.

ஜூன் கடைசியில் ஒரு மத்தியானம் அவளும் பிரிசில்லாவும் பின்கட்டில் ஒடெல்லா அத்தையின் ஜன்னலடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள். பிரிசில்லா இத்தனை நாளும் இந்த விஷயத்தில் வாயைத் திறக்கவில்லை. வெர்னெட்டாவும் கேட்கவில்லை, கேட்டு வாங்குகிற ஆதரவு எதற்கு என்று ஒரு ரோஷம். அன்றைக்குப் பிரிசில்லாவே ஆரம்பித்தாள்.

"நீ சொல்றதுதான் சரி. எனக்கு முதல்லயே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சும்மா இருந்தே?"

"கோழைத்தனம்தான், வேற என்ன. இந்த முறை நான் எழுந்திரிக்கிறேன். நீ பேசாதே, உக்காந்திரு. நீ முதல்ல எழுந்தா, அது உன் குடும்ப விஷயம்னு கேட்டுட்டு விட்டுடறாங்க. ஏழு தலைமுறை யார்னல் எழுந்தா சபை விஷயம் ஆயிடும். நான் பேசினப்புறம் நீ பேசு."

 மூன்று மாதமாக வெர்னெட்டா தனியாகச் சுமந்ததை யாரோ ஒரு பக்கம் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. நிஜமா சொல்றியா என்று கேட்டாள். நிஜமா என்றாள் பிரிசில்லா. அவள் பொய் சொல்லுகிறவள் இல்லை. கடைக்காரன் ஐந்து சென்ட் கூடக் கொடுத்துவிட்டால் திரும்பிப் போய்க் கொடுக்கிறவள். அன்று இரவு வெர்னெட்டா நன்றாகத் தூங்கினாள்.

ஜூலைக் கூட்டம் நல்ல வெயிலில் நடந்தது. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெர்னெட்டாவும் பிரிசில்லாவும் வழக்கம்போல ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எல்வுட் திட்டத்தைச் சொன்னார். அரசு நிதிக்குக் கெடு மாத முடிவு என்றார், கான்ட்ராக்டர் அடுத்த செவ்வாய்க்கிழமை வரத் தயாராக இருக்கிறார் என்றார், நம்மில் ஒரு நண்பருக்கு இருந்த பாரத்தைச் சபை மூன்று மாதமாக அன்போடு கூடச் சுமந்திருக்கிறது என்றார். பிறகு, இப்போது யாருக்காவது தடை உண்டா என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மௌனம் இறங்கியது. வெர்னெட்டா தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். பிரிசில்லா இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்து, கண்ணை மூடியிருந்தாள். எழுந்திருக்கும் முன் அவள் அப்படித்தான் இருப்பாள் என்று வெர்னெட்டாவுக்குத் தெரியும். ஒரு நிமிடம் போயிற்று. புல்வெட்டும் இயந்திரம் நின்று மறுபடி கிளம்பியது. இரண்டு நிமிடம். யாரோ தொண்டையைச் செருமினார்கள். வெர்னெட்டாவின் கால் தானாக ஒருமுறை தரையை ஊன்றியது, அவள் அடக்கிக்கொண்டாள். தான் இப்போது முந்திக்கொண்டால் பிரிசில்லா சொன்ன யோசனையே பாழாகிவிடும். இதோ எழுந்துவிடுவாள், இதோ. மூன்று நிமிடம். பிரிசில்லாவின் உதடு அசைந்த மாதிரி இருந்தது. வெர்னெட்டா திரும்பி அவள் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

எல்வுட் கண்ணைத் திறந்தார். எழுதிவைத்திருந்ததை வாசித்தார்: பின்னாளைய சேர்க்கையை அகற்றச் சபை ஒருமனதாகச் சம்மதிக்கிறது. ஒப்புகிறோம், ஒப்புகிறோம் என்று அங்கங்கே முணுமுணுப்பு எழுந்தது. ஒருமனதாக என்ற சொல் காதில் விழுந்தபோதுதான் வெர்னெட்டாவுக்கு நடந்தது புரிந்தது. அவள் எழுந்து நிற்பதற்குள் எல்வுட் பக்கத்தைத் திருப்பி, கல்லறைத் தோட்டத்து வேலி என்று ஆரம்பித்திருந்தார்.

"நிறுத்துங்க. நான் ஒப்பல. ஏப்ரல்லயே சொன்னேன்."

எல்வுட்டின் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"நண்பர் வெர்னெட்டா, மூணு நிமிஷம் காத்திருந்தோம். நீங்க இங்கேயே இருந்தீங்க, பேசல. உங்க மனசு இறங்கி வந்திருச்சுன்னு நாங்க எல்லாரும் நன்றியோட எடுத்துக்கிட்டோம். தீர்மானம் எழுதியாச்சு. இன்னும் பாரம் இருந்தா ஆகஸ்ட் கூட்டத்துல அவசியம் எடுத்துக்கலாம்."

செவ்வாய்க்கிழமை இடிக்கப்போவதை ஆகஸ்டில் பேசலாமாம். வெர்னெட்டா மறுபடி பிரிசில்லாவைப் பார்த்தாள். இப்போதாவது வாயைத் திறப்பாள் என்று பார்த்தாள். பிரிசில்லா குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் எல்லோரும் வெர்னெட்டாவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவள் தன் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

கார் நிறுத்துமிடத்தில் பிரிசில்லா மூச்சிரைக்க ஓடிவந்தாள். எழுந்திருக்கத்தான் நினைத்தேன் என்றாள். காத்திருந்தேன், உள்ளேயிருந்து ஏவுதல் வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை என்றாள். ஏவுதல் இல்லாமல் எழுந்து பேசினால் அது வெறும் என் ஆசையாகப் போய்விடும், சின்ன வயதிலிருந்து அப்படிப் பேசியதே இல்லை என்றாள். சொல்லும்போது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. பொய் இல்லை, ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆசிரியை வேலையில் நாற்பது வருடம் எந்த ஏவுதலுக்கும் காத்திருக்காமல் மணியடித்ததும் பேசியவள், இந்த ஒரு விஷயத்துக்குக் கடவுளின் அனுமதிக்குக் காத்திருந்தாள். கடவுள் அனுமதிக்கவில்லையாம். வெர்னெட்டா காரைக் கிளப்பினாள்.

திங்கள்கிழமை எல்வுட்டுக்கு நாலு முறை போன் செய்தாள். எழுதிய தீர்மானத்தை எழுத்தர் தனியாக மாற்றமுடியாது என்று நாலு முறையும் பொறுமையாகச் சொன்னார். லெம்யூல் செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து அவளோடு சாலையோரம் நின்றான். கேலி எதுவும் பேசவில்லை. இயந்திரம் ஏழரை மணிக்கு வந்தது. எஸ்ரா இரண்டு குளிர்காலம் எடுத்துக் கட்டியதற்குப் பத்தேகால் மணி வரைதான் தேவைப்பட்டது. தாழ்வான ஜன்னல் முதலில் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா தெரியாது. பின்கட்டை எடுத்ததும் ஏபல் பார்த்த பின்சுவர் தெரியும் என்றார்களே, அங்கே அப்படி ஒரு சுவரே இல்லை. 1891-க்கு முன்பே அது விழுந்துபோயிருந்தது. எஸ்ராதான் அதை எடுத்துக்கட்டி, அதோடு சேர்த்துச் சமையலறையையும் கட்டியிருக்கிறார். நிபுணர் வந்து பார்த்தார். எஸ்ராவின் சுவரையும் பிரித்துவிட்டு, ஏபல் காலத்துச் சுவர் எப்படி இருந்திருக்கும் என்று ஒரு படம் வரைந்து கொடுத்தார். அதைக் கட்டுவதற்குப் பழைய கல் வேண்டுமே? முற்றத்தில்தான் குவிந்து கிடந்ததே, எஸ்ரா ஓடையிலிருந்து சுமந்த கல். அதை வைத்தே கட்டினார்கள். இப்போது சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அந்தச் சுவர் முன்னால் நிறுத்தி, இது ஏபல் கிரிஸ்கம் நாளும் பார்த்த சுவர் என்று சொல்லுகிறார்கள்.

வெர்னெட்டா சபைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். விலகல் கடிதம் எழுதவில்லை. அதை வைத்து ஒரு தீர்மானம் எழுதி, அவளை அன்போடு விடுவித்ததாகப் பதிவு செய்துகொள்வார்கள். லெம்யூலின் சபைக்கு இரண்டு ஞாயிறு போய்ப் பார்த்தாள். பாட்டு அவளுக்குத் தலைவலியைக் கொடுத்தது. மூன்றாவது ஞாயிறு வீட்டிலேயே இருந்துவிட்டாள். மௌனத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள், அதற்குப் பதிலாக வைக்க எதுவும் கிடைக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு சாயங்காலம் பிரிசில்லா வந்தாள். கையில் ஆப்பிள் பலகாரத் தட்டு இருந்தது. வீட்டுத் திறப்பு விழா அடுத்த மாதம் என்றும், உங்கள் குடும்பத்தின் சார்பில் நீ இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சபை ஆசைப்படுவதாகவும் சொன்னாள். பிறகு அதை நிறுத்திக்கொண்டு, அதற்காக வரவில்லை, மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றாள்.

"நான் உனக்குத் துரோகம் பண்ணிட்டேன். அது எனக்குத் தெரியும். நீ என்னை மன்னிக்கணும், வெர்னெட்டா."

சொல்லிவிட்டு, இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, கண்ணை மூடினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். வெர்னெட்டா எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனையோ சொல்ல இருந்தது. எட்டு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சுரண்டியதைச் சொல்ல இருந்தது. மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நேரம் என்று சொல்ல இருந்தது. எதுவும் வாயில் வரவில்லை. நேரம் போகப் போகப் பிரிசில்லாவின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது. தோள் இறங்கியது, மூச்சு சீரானது, கண்ணோரத்தில் தண்ணீர் கசிந்தது. கண்ணைத் திறந்து, கையை நீட்டி வெர்னெட்டாவின் கையைத் தொட்டாள்.

"நன்றி" என்றாள்.

வெர்னெட்டா கையை இழுத்துக்கொண்டாள்.

"எதுக்கு நன்றி? நான் ஒண்ணும் சொல்லலையே. நான் சும்மா இருந்தா, மன்னிச்சிட்டான்னு எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போயி நீ நிம்மதியாத் தூங்குவே. அதனால வாயைத் திறந்து சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. மன்னிக்கல."

"கொஞ்ச காலம் போனா..."

"அப்பவும் இல்ல. பலகாரத்தை எடுத்துக்கிட்டுப் போ."

பிரிசில்லா எழுந்தாள். பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு, கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். கார் தெருமுனையில் திரும்பும்வரை வெர்னெட்டா உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தி வரும் என்று நினைத்தாள், வரவில்லை.  இப்போது நடந்ததை உடனே யாரிடமாவது சொல்லி ஒருபாடு அழுது தீர்க்கவேண்டும் போலிருந்தது. அப்படிச் சொல்லி அழ அவளுக்கு எட்டு வருடமாக இருந்தது பிரிசில்லா ஒருத்திதான்.